மகிழடியில் ஒரு சூளுறவு

கதை கேட்போரும் நாடகம் காண்போரும் என்றும் வாளா இருந்தவர் அல்லர். கதைத்தலைவன் தவறிழைத்தால் சினப்பர். தலைவி வருந்தினால் உடன் வருந்துவர். மாலை வேளையில் வீடுதோறும் தொலைக்காட்சித் தொடர் நடைபெறும்பொழுது இதனை நாம் நேரிலே காண்கின்றோம். தடைப்பட்ட காதலைக் கருவாகக் கொண்ட தொடராயின், “இவ்விருவரையும் இன்னும் எத்தனை நாள்தான் வாட்டுவார்கள்?” என்று பாட்டி முதல் பேத்தி வரை குறைபட்டுக்கொள்வர். இம்மனக்குறை இக்காலத்தில் தோன்றியது என்று எண்ண வேண்டா. வடசென்னைக் கடற்கரையில், இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடையே விளங்கும் திருவொற்றியூரில், எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் காதல் வரலாறு ஒன்று உண்டு. கேட்பவர் நெஞ்சில் அது எழுப்பும் குறையும் அதே அளவு பழமையானது. அதனைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

ஆலைகளும் மீனவர் குப்பங்களும் அடுத்தடுத்து அமைந்த திருவொற்றியூர், 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆயினும் அவ்வூர் சென்னைப் பட்டினத்தினும் மிக மூத்தது. தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தியாகராசர் திருக்கோயில் அங்கு உள்ளது. அக்கோயிலின் மகிழ மரத்தடியே நம் வரலாற்றின் நடுவிடம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்துள் அதனை விரித்துரைத்தார். கயிலையில் இறைவனுக்குத் தொண்டு செய்த ஆலாலசுந்தரர், மலர் கொய்ய வந்த அம்மையின் சேடியர் இருவரைக் கண்டார். கமலினி, அனிந்திதை என்பன அவர்தம் பெயர்கள். மூவர் மனமும் நெறி பிறழ்ந்தன. அவ்விடத்திற்கு அக்காதல் ஒவ்வாதது. ஆகவே மண்ணிற் பிறந்து அதனைத் துய்த்து மீளுமாறு இறைவன் பணித்தான். ஆலாலசுந்தரர் திருநாவலூரில் சுந்தரராகவும், கமலினி திருவாரூரில் பரவையாராகவும், அனிந்திதை திருவொற்றியூரை அடுத்த ஞாயிறு என்னும் ஊரில் சங்கிலியாராகவும் பிறந்தனர்.

சுந்தரர் முதலில் திருவாரூரில் பரவையாரை மணந்தார். பின்னர்த் தலங்கள் பலவற்றை வணங்கித் திருவொற்றியூருக்கு வந்தார். அங்கே சங்கிலியார் திருமணத்தை வேண்டாது, கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்கு மாலை தொடுக்கும் தொண்டினை மேற்கொண்டிருந்தார். அவரைக் கண்ட சுந்தரர் காதல் கொண்டு, மணம் முடித்துத் தருமாறு இறைவனையே வேண்டினார். சங்கிலியாரோ, திருவாரூரில் மனைவியுடையவர் இங்கே நிலைத்திருப்பாரோ என்று ஐயுற்றார். தம்மைப் பிரிவதில்லை என்று சுந்தரர் சூளுரைக்க வேண்டும் என்பது முடிவாயிற்று.

இங்கேதான் கதை திரும்புகிறது. சந்நிதியில் சூளுரைத்தால் அதனை மீற இயலாது என்று அஞ்சிய சுந்தரர் ஒரு சூழ்ச்சி செய்தார். தாம் சூளுரைக்கும் நேரத்தில் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவனும் இசைந்தான். இசைந்தவன் சங்கிலியாரின் கனவில் தோன்றி, “மகிழடியிலேயே சூளுரைக்கச் சொல்” என்று அறிவித்துவிட்டான். மறுநாட் காலையில் சுந்தரர் கோயிலுக்குள் செல்ல முற்பட்டபொழுது, “மகிழடியே போதும்” என்று தோழியர் கூறினர். அவர் திகைத்தார்; ஆயினும் மறுக்க வழியில்லை. மகிழினை வலம்வந்து, “பிரியேன்” என்று சூளுரைத்தார். திருமணம் நடந்தது.

இளவேனில் வந்தது. திருவாரூர் வசந்த விழா சுந்தரர் நினைவில் எழுந்தது. சூளுறவை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவில் இரு கண்ணும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் மீண்டும் ஒளிபெற்றன. ஆனால் பரவையாரோ ஒற்றியூர்த் திருமணச் செய்தியைக் கேட்டு வாயிலை அடைத்தார். அவர் ஊடலைத் தணிக்க நள்ளிரவில் இறைவனே தூது நடக்க நேர்ந்தது.

இக்கதையைக் கேட்டு முதலிற் சினந்தவர் யார் தெரியுமா? நூலுக்குள்ளேயே வாழ்பவர்! திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காம நாயனார், ஒரு பெண்ணின்பொருட்டு ஆண்டவனைத் தூது அனுப்பியவன் ஒரு தொண்டனா என்று கொதித்தார். இறைவன் அவருக்குச் சூலைநோய் தந்து, அதனைச் சுந்தரரே தீர்ப்பார் என்றான். அவர் கையால் நலம் பெறுவதினும் இறப்பதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அங்கு வந்த சுந்தரர் தாமும் உயிர்விடத் துணிந்தார். அந்நிலையில் இறையருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பற்றித் தடுத்தார், இருவரும் நண்பராயினர். கேட்போர் நெஞ்சில் எழக்கூடிய சினத்தைச் சேக்கிழார் மூடி மறைக்கவில்லை. அச்சினத்திற்கு ஓர் உருவம் கொடுத்து, அவரையும் நாயன்மாருள் ஒருவராகவே போற்றினார். இதனை நீங்கள் நன்கு கருதுதல் வேண்டும்.

இனிக் கல்வெட்டுச் சான்று ஒன்றனைக் காண்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவன் இரண்டாம் இராசாதிராச சோழன். அவன் காலத்துத் திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்று, பங்குனி உத்திர விழாவின்போது திருமகிழின் கீழே ‘ஆளுடைய நம்பி’யின் புராணத்தை அரசன் கேட்டருளினான் என்று குறிக்கின்றது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரருக்கு வழங்கிய பெயர். மடத்துத் தலைவரான சதுரானன பண்டிதர் முதலிய சான்றோரும் அங்கு உடனிருந்தனர். எந்த மரத்தடியில் சூளுறவு நிகழ்ந்ததாகக் கதை கூறுகிறதோ, அதே மரத்தடியில் மன்னனும் மடத்தாரும் கூடியிருந்து அக்கதையைக் கேட்டனர். மகிழடிச் சூளுறவை மாசிப் பெருவிழாவில் நிகழ்த்திக்காட்டும் வழக்கம் அவ்வூரில் இன்றும் உண்டு. முடிவு இன்னதென்று அறிந்தும் மக்கள் திரண்டு வருகின்றனர்.

வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறும்பொழுதெல்லாம், சிறப்பாக மாணவியர், ஒரு வினாவை எழுப்புவதுண்டு. “சுந்தரருக்குக் கண் வந்தது, பரவையாரின் ஊடல் தீர்ந்தது. சங்கிலியாருக்கு என்ன கிடைத்தது?” என்பதே அது. நேர்மையான வினா. ஒற்றியூரில் தனித்திருந்த அம்மையாரின் நாட்களை நூல் விரித்துரைக்கவில்லை. இறுதியில் அவர் அனிந்திதையாய்க் கயிலைக்கு மீள்வதை மட்டுமே காட்டுகிறது. ஆயினும் ஒன்று சொல்லலாம். அப்பெண்மணி கேட்ட வாக்குறுதி சிறியதன்று என்று புராணம் தீர்ப்பளிக்கின்றது. தோழன் என்று இறைவனே கொண்டாடிய சுந்தரரும் அதனை மீறியதற்காகக் கண்ணிழந்தார். மாலை தொடுத்த பெண்ணுக்கு அளித்த சொல்லும் சொல்லே என்பதனை ஊரார் ஆண்டுதோறும் மகிழடியில் நினைவுகூர்கின்றனர்.

இதே திருவொற்றியூரை ஒட்டி இன்னொரு காதற்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கம்பர் இக்கோயிலில் இருந்து இராமகாதையை எழுதினார் என்றும், வட்டப்பாறை அம்மை அவருக்கு விளக்குப் பிடித்தாள் என்றும் செவிவழிச் செய்தி வழங்குகிறது. அக்கம்பரின் மகன் எனப்படும் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதியைக் காதலித்தான். காதற்சுவை கலவாது நூறு பாடல் பாடினால் உயிர்ப்பிழைக்கலாம் என்பது கட்டளை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய பிழையால், தொண்ணூற்றொன்பதிலேயே நூறாயிற்று என்று அமராவதி வெளிப்பட, அம்பிகாபதி அவளைப் பாடி உயிரிழந்தான். 1937-இல் தியாகராச பாகவதரும், 1957-இல் சிவாசி கணேசனும் நடித்த திரைப்படங்கள் இக்கதையைத் தமிழகமெங்கும் பரப்பின. ஒரே ஒரு பாட்டினால் போயிற்றே என்று ஏங்காதவர் அரியர்.

பிற நாட்டிலும் இவ்வேக்கம் உண்டு. இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய ‘கிளாரிசா’ என்னும் நாவல் 1747, 1748 ஆகிய ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதனைப் படித்துவந்தோர், தலைவி மாளாது மணம்புரிந்து வாழுமாறு முடிக்க வேண்டும் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினர். அவர் இசையவில்லை. நம் நாட்டில் 1984 சூலையில் தொடங்கி 156 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடருக்கு ஏறத்தாழ 4 இலட்சம் கடிதங்கள் வந்தன. மூத்த மகள் பட்கி தன்னை விரும்பிய இளைஞனை மணக்கத் தயங்கியபொழுது, தயக்கத்தை விடுமாறு இளம்பெண்கள் அப்பாத்திரத்திற்கே எழுதினர். திருமணப் பகுதி ஒளிபரப்பான அன்று வடபுலத்தில் கடைகள் முன்னதாகவே அடைக்கப்பட்டன.

இவற்றால் நாம் அறிவது யாது? கதை காண்போரின் குறையை அறியாமை என்று இகழ்தல் தகாது. அது நீதியுணர்வின் குரல். ஆயினும் குறை இருவகைப்படும். நாள்களை நீட்டுவதற்காகவே காதலரைப் பிரித்துவைக்கும் கதையால் எழும் குறை வெறும் சலிப்பு. தொடர் முடிந்ததும் மறைந்துவிடும். ஒருவர் செய்த செயலின் பயனை மறையாது காட்டும் கதையால் எழும் குறையோ வினாவாக மாறி, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும். சங்கிலியாரைப் பற்றி மாணவியர் கேட்பது அத்தகைய வினா.

ஆகவே, மாணவச் செல்வங்களே, ஒரு கதை உங்களுக்குச் சினமூட்டினால், எவருக்கு அளித்த எந்தச் சொல் அங்கே தவறியது என்று எண்ணிப்பாருங்கள். விடை கிடைத்தால் அக்கதை உங்களுக்குப் பயன்பட்டதாகும். வாய்ப்பு நேர்ந்தால் மாசி விழாவில் திருவொற்றியூருக்குச் சென்று மகிழடியில் சற்றே நின்று வாருங்கள். சோழ மன்னன் அமர்ந்து கேட்ட இடம் அது. இன்று ஆலைத் தொழிலாளரும் மீனவரும் நின்று காணும் இடமும் அதுவே.