பொதிகை மலையில் ஆடிய காந்த ஊசி

பொதிகை என்றால் நமக்கு அகத்தியரும் தாமிரபரணியும்தான் நினைவுக்கு வரும். அந்த மலையில் 1855-ல் ஒரு காந்த ஆய்வகம் இயங்கியது என்பது நம் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது.

திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்துக்கு 1852-ல் இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்த நடுக்கோடு நம் பகுதியை ஒட்டிப் போவதால் இந்த இடம் அவருக்கு முக்கியமாகப் பட்டது. பொதிகையில் ஆறாயிரம் அடிக்கு மேலே கருவிகளை ஏற்றி, உள்ளூர் உதவியாளர்களை வைத்து மணிக்கு மணி ஊசியின் அசைவைக் குறிக்கச் செய்தார். அந்தக் குறிப்புகள் 1874-ல் நூலாக வந்தன. காந்தக் கலக்கங்கள் ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் கண்டு, சூரியனின் சுழற்சியோடு அவர் முடிச்சுப் போட்டார். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து சூரியன் எப்படி ஊசியை ஆட்டும்? அன்று விடை இல்லை.

1961-ல் ஜேம்ஸ் டஞ்சி ஒரு வழி சொன்னார். சூரியக் காற்று கொண்டுவரும் காந்தக் கோடுகள் பூமியின் கோடுகளுக்கு எதிர்த்திசையில் வந்தால், இரண்டும் அறுந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். தறியில் அறுந்த இழையை வேறோர் இழையோடு முடிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சூரியக் காற்றின் சக்தி உள்ளே புகுந்துவிடும். இதற்குக் காந்த மறுஇணைப்பு என்று பெயர்.

சிக்கல் வேகத்தில் இருந்தது. ஸ்வீட், பார்க்கர் என்ற இருவரின் 1950-களின் கணக்குப்படி சூரியனில் ஒரு வெடிப்பு நடக்க மாதக்கணக்காகும். நடப்பதோ சில நிமிடங்களில்!

இங்கேதான் கணினி கைகொடுத்தது. பிளாஸ்மாவின் துகள்களை எண்களாக வைத்து, நொடியின் சிறு பங்குக்கு ஒருமுறை அவை எங்கே நகரும் என்று கணக்கிட்டார்கள். 2001-ல் பல குழுக்கள் ஒரே தொடக்க நிலையை வெவ்வேறு நிரல்களில் ஓட்டிப் பார்த்தன. எலக்ட்ரானும் அயனியும் வேறு வேறாக நகர்வதைக் கணக்கில் சேர்த்த நிரல்களெல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தைக் காட்டின. சேர்க்காதது மந்தமாக நின்றது. பழைய கணக்கில் விட்டுப்போனது அதுதான். 2015 அக்டோபரில் நாசாவின் நான்கு விண்கலங்கள் அந்த இணைப்பு நடக்கும் இடத்துக்குள்ளேயே புகுந்து அளந்தன.

இன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 2023-ல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, நம் செங்கோட்டைக்காரர். பொதிகையில் குளிரிலும் மழையிலும் ஊசியைப் பார்த்துக் குறித்தவர்களின் வேலை வீண்போகவில்லை.