உறுதியில் ஒளிந்திருக்கும் மண்

2009இல் போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவோரில் கணிசமானோர் புலம்பெயர்ந்து வாழ்பவர்கள். உறுதி சுத்தமானதா, ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, பாதை எத்தனை அடி, கோயில் எவ்வளவு தூரம் என்றெல்லாம் தொலைபேசியிலேயே விசாரித்து விடுகிறார்கள். மண் எப்படிப்பட்டது என்று கேட்பவர் அரிது. இத்தனைக்கும் அந்தக் கேள்விக்கான பாதி விடை அவர்கள் கையில் இருக்கும் உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் நிலத்தின் அளவு பரப்பிலும் குழியிலும் தரப்படும். பரப்பை லாச்சம் என்றும் எழுதுவர். ஆனால் பரப்பு என்பது ஒரே அளவன்று. வரகு விதைப்புக் கணக்கில் ஒரு பரப்புக்கு 18 குழி. நெல் விதைப்புக் கணக்கில் 12 குழி மட்டுமே. முதலாவது கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர்; இரண்டாவதில் 24 பரப்பு ஓர் ஏக்கர். மேட்டு நிலம் வரகினாலும் தாழ்ந்த நிலம் நெல்லினாலும் அளக்கப்பட்டன. நிலத்தை அளந்த எமது முன்னோர் அதில் எது விளையும் என்பதையும் சேர்த்தே பதிந்து வைத்தார்கள். வரகு விதைப்பது ஏறத்தாழ மறைந்து போன பின்னரும் அந்தச் சொல் நொத்தாரிசுகளின் பேனாவில் தங்கி விட்டது. பத்துப் பரப்பு என்று கேள்விப்பட்டு 100 பேர்ச் கிடைக்கும் என்று எண்ணியவருக்கு, அது நெற்கணக்கானால் 66 பேர்ச்சுக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். அளவில் மூன்றில் ஒன்று குறைவது மட்டுமன்று, அந்தக் காணி மாரியில் வெள்ளம் நிற்கும் காணி என்பதும் அதன் பொருள்.

காணியின் பெயரையும் வாசிக்க வேண்டும். எமது ஊர்களில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய தோம்புகளில் காணிகள் பதியப்பட்ட மரபு இன்றைய உறுதிகளிலும் தொடர்கிறது. கலட்டி என்று முடிந்தால் கல் மேலெழுந்த, மண் ஆழமற்ற தரை. தாழ்வு, பள்ளம் என்றால் விளக்கம் தேவையில்லை. தரவை என்றால் மேய்ச்சலுக்கு விடப்பட்ட வெளி. பெரும்பாலும் உவர் கண்ட மண். செம்பாடு என்றால் மனம் மகிழலாம். வீடு கட்டிய பின்னர் இப்பெயர்களை மாற்றி மங்களகரமாக வைத்துக் கொள்வதில் ஆட்சேபமில்லை. வாங்கும் முன்னர் பழைய பெயரைக் கேட்டறிவது நல்லது.

அக்காலத்தில் இவற்றை எவரும் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைப்படி, காணியை விற்க விரும்புபவர் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும், ஈட்டுத் தொடர்புடைய அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். ஆகவே வாங்குபவர் பெரும்பாலும் அந்த மண்ணிலே வளர்ந்தவராகவே இருந்தார். எந்த மூலையில் கிணறு உவர்க்கும் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே தெரியும். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வாங்குபவருக்கு அந்த அறிவு வாய்க்க வழியில்லை.

குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல். அதன் மேல் கோப்பாய், உரும்பிராய், கொண்டாவில், சுன்னாகம் ஆகிய ஊர்களில் செம்மண் போர்த்தியிருக்கிறது. வடமராட்சி கிழக்கில் மணல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலைச் சேர்கிறது. மழைநீர் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறும். நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் இதனைக் கண்கூடாகக் காணலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர். துலாவுக்கு இறைக்கும் வேகத்தில் ஓர் எல்லை இருந்தது. இயந்திரத்துக்கு அது இல்லை.

வெடிப்புகளூடாக மழைநீர் இறங்குவது போலவே மலக்குழியின் நீரும் இறங்கும். செம்மண் விரைவாக நீரை வடிப்பது தோட்டக்காரருக்கு வரம்; குழிக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு அதுவே ஆபத்து. யூரியாவும் இதே வழியில் போய்ச் சேர்கிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளின் குருதியில் ஒட்சிசனைக் குறைத்துவிடும் என்பதே அதன் காரணம். நாலு பரப்புத் துண்டை இரண்டாகப் பிரித்து விற்கும்போது, இரு வீடுகளின் கிணறும் குழியும் எங்கே அமையும் என்று எவரும் கேட்பதில்லை. ஒருவருடைய குழி மற்றவருடைய கிணற்றுக்கு அருகில் வருவதைத் தடுப்பது வேலி அன்று.

வயலை நிரவி வீடு கட்டுவது இன்னொரு வழக்கமாகி விட்டது. மண் போட்டு உயர்த்திய வளவு தப்பிக்கொள்ளும். வெள்ளம் அயலவர் முற்றத்துக்குப் போகும். 2008 நவம்பரில் நிசா புயலும் 2020 டிசம்பரில் புரேவியும் கொண்டு வந்த மழை, எங்கெங்கே வாய்க்கால் மூடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்தது. வலிகாமம் வடக்கில் வேறு சிக்கல். 1950இல் தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழ்ந்த பள்ளங்கள் அங்கே உள்ளன. எங்கே என்றாலும் பள்ளம் ஒன்றை இடிபாடு கொட்டி மூடினால் மேலே புல் முளைத்து விடும். அதன் மேல் போட்ட அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதற்கு இரண்டு மாரி போதும்.

எனவே வாங்க நினைப்பவர் கார்த்திகையில் ஒரு தடவையும் ஆவணியில் ஒரு தடவையும் அங்கே ஒருவரை அனுப்புவது நன்று. கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஆவணியில் கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்க்கலாம். அதே நீரை ஆய்வுகூடத்துக்கும் அனுப்பலாம், ஏனெனில் நைத்திரேற்றுக்குச் சுவையில்லை. மூன்று இடங்களில் அலவாங்கைக் குத்தினால் கல் எத்தனை அடியில் முட்டுகிறது என்று விளங்கும். அரை அடியில் முட்டினால் அத்திவாரம் உறுதி, தென்னை கனவு. மூன்று இடத்திலும் ஆழம் பெரிதும் வேறுபட்டால் அங்கே முன்னர் என்ன இருந்தது என்று பக்கத்து வீட்டு முதியவரிடம் கேட்க வேண்டும். தரகர் சொல்ல மாட்டார்.

தோட்டம் வைக்க விரும்புபவருக்கு ஒரு சொல். செம்பாட்டு மண் தன்னளவில் அவ்வளவு வளமானதன்று. பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி, பட்டி அடைத்து எருவேற்றி, தலைமுறை தலைமுறையாகப் புகையிலைக் கமக்காரர் உண்டாக்கிய மண் அது. முப்பது வருடம் பற்றை மூடிக் கிடந்த காணியில் நிறம் அப்படியே இருக்கும். முதல் போகம் கத்தரி நட்டுப் பார்த்தால்தான் மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரியும்.