ஆலயமும் அயல்நிலமும்

ஆலயம் என்றவுடன் கோபுரமும் கருவறையும் நம் நினைவில் எழுகின்றன. நம் முன்னோரோ திருக்குளம், நந்தவனம், தல விருட்சம், தேரோடும் வீதி ஆகிய யாவும் சேர்ந்ததையே ஆலயம் எனக் கொண்டனர். நந்தவனத்தைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் திருநந்தவனப்புறம் எனக் குறிக்கின்றன. தில்லை என்னும் தலத்தின் பெயரே ஒரு மரத்தின் பெயரன்றோ!

கடல் கடந்து வந்த நம்மவரும் இம்மரபை மறந்தாரில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில், லயன் வீடுகளுக்கருகே மரத்தடியில் தொடங்கிய வழிபாடுகள் பல, பின்னாளில் மாரியம்மன் ஆலயங்களாக வளர்ந்தன. இன்று அத்தோட்டங்கள் குடியிருப்புகளாகி வருகின்றன. நம் செமினியிலும் 2005 இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. வீடமைப்புத் திட்டங்களும் பெருகின. இத்தகைய மாற்றத்தில் கட்டடம் தப்பினாலும், அதனைச் சூழ்ந்த மரமும் வெளியும் தப்புவது அரிது.

இதற்குப் பத்துமலை தக்க சான்று. கா. தம்புசாமிப் பிள்ளை அங்கு வேல் நிறுவினார். 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. அம்மலையருகே 29 மாடிக் குடியிருப்பு ஒன்றிற்கு 2007 இல் அனுமதி வழங்கப்பட்டது. அன்பர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்ததோ 2012 அக்டோபர் 26 ஆம் நாள். பின்னர் பணி நிறுத்தப்பட்டது. எனினும் இடையில் ஐந்தாண்டுகள் கழிந்தன என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்தியாவில், மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள தொன்மைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் 1992 இல் அறிவிக்கப்பட்டன. நம் நாட்டிலும் 2005 ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் உண்டு. ஆயினும், பதிவு பெறாத ஆலயங்களுக்கு அதன் காவல் கிட்டுவதில்லை.

அவற்றுக்கு வேறு வழிகள் உள்ளன. நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995 இல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டலாகாது. மேலும், வீடமைப்புத் திட்டங்களில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும் என்பது திட்டமிடல் நெறி. அத்திறந்தவெளியை ஆலயத்தை ஒட்டி அமைத்தால், குழந்தைகளுக்குத் திடலும், திருவிழாவுக்கு இடமும், கோபுர தரிசனத்திற்கு வெளியும் ஒருங்கே வாய்க்கும். இடையே நிழல்மரங்கள் நிற்பின் வீட்டாருக்கும் அமைதி கிட்டும். பழைய அரசமரத்தின் வேர்மேல் மண் குவித்தலும் சிமெந்து பூசுதலும் தவிர்க்கப்பட வேண்டும்.

இவையெல்லாம் வரைபட நிலையிலேயே கூடுவன. சுவர் எழுந்தபின் கூடுவதில்லை. ஆகவே ஆலய நிர்வாகத்தினர் தத்தம் நிலப் பத்திரங்களையும் பழைய படங்களையும் தொகுத்து, நகராண்மைக் கழகத்தின் திட்ட அறிவிப்புகளைக் காலத்தே கவனித்து, கருத்துகளை எழுத்து மூலம் சமர்ப்பித்தல் வேண்டும். நம் சந்ததியினர் மரநிழலில் நின்று கோபுரம் தொழ, இன்றே ஆவன செய்வோமாக!