கில்கென்னியில் பிறந்த மொழிச் சட்டம்

அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதியில், நோர் என்னும் ஆற்றின் கரையில் அமைந்தது கில்கென்னி. மக்கள்தொகை 27,000-க்குச் சற்று மிகுதி. நம் நாட்டுக் கணக்கில் அது சிற்றூரே. ஆயினும் 1609-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வழங்கிய பட்டயத்தைக் காட்டி, அதனை நகரம் என்றே அவ்வூரார் அழைக்கின்றனர். கானிஸ் என்னும் அடியாரின் கோயில் என்பது ஊர்ப்பெயரின் பொருள். அவர் பெயரால் விளங்கும் 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும், அதனினும் பழைய வட்டக் கோபுரமும் ஒரு முனையில் உள்ளன; மறுமுனையில் ஆற்றை நோக்கி நார்மானியர் கோட்டை நிற்கிறது. 1391-இல் பட்லர் குடும்பத்தார் விலைக்கு வாங்கிய அக்கோட்டையை, அவர்தம் வழியினர் 1967-இல் வெறும் 50 பவுனுக்கு ஊராரிடம் ஒப்படைத்தனர்.

இந்நகரில் 1366-இல் கூடிய மன்றம் ஒரு சட்டத் தொகுதியை இயற்றியது. 1169 முதல் அயர்லாந்தில் வந்து குடியேறிய ஆங்கிலேயர், இருநூறு ஆண்டுகளில் அந்நாட்டு மக்களுடன் மணவுறவு கொண்டு, அவர்கள் மொழியையே பேசத் தலைப்பட்டிருந்தனர். அதனைத் தடுப்பதே நோக்கம். ஐரிஷ் பேசும் ஆங்கிலேயனின் நிலம், அவன் ஆங்கிலம் கற்கும்வரை பறிக்கப்படும். ஐரிஷ் பாணர்களை வரவேற்பது குற்றம். கோல்கொண்டு பந்தடிக்கும் ஹர்லிங் ஆட்டமும் கூடாது. அந்த ஆட்டத்தில் அயர்லாந்தின் சாம்பியன் பட்டத்தை மிகப் பல முறை வென்ற மாவட்டம் இன்று கில்கென்னியே!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. ஆங்கிலம் பேசுக என ஆணையிட்ட அச்சட்டம் எழுதப்பட்டது பிரெஞ்சு மொழியில். அன்று ஆங்கில அரசின் சட்டமொழி அதுவே. ஆணையிட்டவர்களே தம் ஆணையை ஆங்கிலத்தில் எழுதவில்லை.

மறு ஆண்டே, அதாவது 1367-இல், அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாக அமர்ந்த டெஸ்மண்ட் பிரபு ஜெரால்டு, ஐரிஷ் மொழியில் கவிபாடும் புலவர். 1495-இல் கூடிய மன்றம் பழைய சட்டங்களை மீண்டும் உறுதிசெய்தபோது, ஐரிஷ் மொழி பற்றிய பிரிவை மட்டும் விட்டுவிட்டது. ஊரெல்லாம் பேசும் மொழியைத் தண்டிக்க எவரால் இயலும்?

நகருக்குத் தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் கேலன் என்னும் ஊர் உண்டு. அங்கே ஹம்ஃப்ரி ஓ சல்லிவன் என்னும் ஆசிரியர் 1827 முதல் 1835 வரை நாட்குறிப்பு எழுதினார். பறவைகள், வானிலை, சந்தை, ஏழைகளின் பசி ஆகிய அனைத்தையும் ஐரிஷ் மொழியிலேயே குறித்தார். சட்டம் பிறந்த மாவட்டத்திலேயே, நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும், அம்மொழி அன்றாட வாழ்வை எழுதப் போதுமானதாக இருந்தது.

அவர் எழுதிவந்த அதே காலத்தில், 1831-இல், அரசின் தேசியப் பள்ளிகள் தோன்றின. அங்கே பாடமொழி ஆங்கிலம். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் ஐரிஷ் பேசிய ஏழைகளையே மிகுதியாக வாட்டியது. பிழைத்தவருள் பலர் கப்பலேறினர். வேலைக்கும் பயணத்துக்கும் ஆங்கிலமே வேண்டும் எனக் கண்ட பெற்றோர், பிள்ளைகளிடம் ஐரிஷ் பேசுவதைத் தாமே நிறுத்தினர். வேற்று மாநிலங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அப்பெற்றோரின் மனநிலை எளிதில் விளங்கும். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை.

1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக்கியது. இன்று கேலன் செல்லும் சாலையின் வழிகாட்டிப் பலகைகளில் ஐரிஷ் பெயர் மேலே சாய்வெழுத்தில் இருக்கிறது. பலரும் படிப்பது கீழேயுள்ள ஆங்கிலப் பெயரை.