பகையெனக் கருதப்பட்ட பாக்டீரியா: ஒயின் அறிவியலில் ஒரு திருத்தம்

மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்படி 1863இல் ஒயின் கெடுவதன் காரணத்தை ஆராயத் தொடங்கிய லூயி பாஸ்டர், 1866இல் தம் நூலை வெளியிட்டார். ஈஸ்ட் ஒயினை ஆக்குகிறது, பாக்டீரியா அதைக் கெடுக்கிறது என்பதே அதன் சாரம். அம்முடிவு ஒயின் அறிவியலுக்கு அடித்தளமாயிற்று. பின்வந்த ஆய்வுக்குத் தடையாகவும் நின்றது.

ஒயினின் புளிப்பு தணிவது பாக்டீரியாவின் செயலே என்று சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் முல்லர்-துர்காவ் வாதிட்டார். 1913இல் ஆஸ்டர்வால்டருடன் இணைந்து அதை விரிவாக நிறுவினார். மாலோலாக்டிக் நொதித்தல் எனப்படும் இந்நிகழ்வில், கூரிய மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. இதை நிகழ்த்தும் முதன்மை நுண்ணுயிர் ஈனோகாக்கஸ் ஈனி என்னும் பெயரை 1995இல்தான் பெற்றது.

ஒரே பாக்டீரியா ஒரு பீப்பாயில் செழித்து, மற்றொன்றில் முடங்குவது ஏன்? ஆல்கஹால், அமிலத்தன்மை, சல்பர் டை ஆக்சைடு ஆகியவற்றோடு திராட்சையின் பீனாலிக் சேர்மங்களுக்கும் இதில் பங்குண்டு. 1990களின் பிரெஞ்சு ஆய்வுகளில், விதையின் டானின்கள் வளர்ச்சியை ஒடுக்கின. தோலுக்கு நிறமளிக்கும் ஆந்தோசயனின்களும் காலிக் அமிலமும் அதை ஊக்குவித்தன.

பாஸ்டர் நுண்ணுயிரின் வகையைக் கண்டு தீர்ப்பளித்தார். பின்வந்தோர் அது வாழும் சாற்றையும் சேர்த்து ஆராயக் கற்றனர்.