இம்போர்ட் மெனுவுக்குப் பின்னால் ஒரு கதை

புராஜெக்ட்டுக்காக யாரோ வரைந்த பாகத்தை சிமுலேஷன் சாஃப்ட்வேருக்குள் கொண்டுவரும்போது, இம்போர்ட் மெனுவில் ஐஜெஸ், ஸ்டெப், எஸ்டிஎல் என்று ஒரு வரிசை வரும். எதை எடுத்தால் என்ன என்று தோன்றும் இல்லையா? அந்த வரிசைக்கு நாற்பது வருடத்துக்கும் மேற்பட்ட கதை உண்டு நண்பர்களே.

1970களில் ஒவ்வொரு கேட் சாஃப்ட்வேரும் தனக்கென்று ஒரு ஃபைல் வடிவம் வைத்திருந்தது. பத்து சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால், போக வர 90 மொழிபெயர்ப்பு புரோகிராம்கள் தேவை. நடுவில் ஒரு பொது மொழி இருந்தால் 20 போதும். 1979-ல் போயிங், ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற கம்பெனிகள் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்போடு சேர்ந்து அந்தப் பொது மொழியை உருவாக்க இறங்கின. 1980-ல் ஐஜெஸ் வெளிவந்தது. அதன் ஒவ்வொரு வரியும் 80 எழுத்து. பஞ்ச் கார்டு காலத்தின் மிச்சம் அது!

ஐஜெஸ் அன்று வரைபடங்களைக் கைமாற்றப் பிறந்தது. கோடும் வளைபரப்பும் போய்ச் சேரும். ஆனால் எந்தப் பரப்பு எதோடு ஒட்டியிருக்கிறது என்ற செய்தி பெரும்பாலும் சேராது. விளிம்புகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழும். திரையில் பார்த்தால் பாகம் முழுசாகத்தான் தெரியும். ஓட்டைக் குடமும் காலியாக இருக்கும்போது நல்ல குடம்தான். தண்ணீர் ஊற்றினால்தானே தெரியும்? இங்கே தண்ணீர் என்பது மெஷ். உள்ளே எது, வெளியே எது என்று தெரியாமல் மெஷ் அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க, 1984-ல் சர்வதேச அளவில் ஸ்டெப் வேலை தொடங்கியது. ஐஎஸ்ஓ 10303 என்ற பெயரில் முதல் பகுதிகள் வர 1994 ஆகிவிட்டது. முகம், விளிம்பு, முனை எல்லாம் எப்படி இணைந்து ஒரு திடப்பொருள் ஆகின்றன என்பதையும் ஸ்டெப் சேர்த்தே எடுத்துச் செல்லும்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். ஃபைல்கள் சரியாக மாறாததால் அமெரிக்க வாகனத் துறைக்கு மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் நஷ்டம் என்று 1999-ல் வந்த அந்நாட்டு அரசு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி, கெட்டுப்போன ஃபைலைச் சரிசெய்யவும் மறுபடி வரையவும் ஆன செலவு.

ஸ்டெப்பும் மந்திரக்கோல் இல்லை. எவ்வளவு சின்ன இடைவெளியை ஒட்டியதாகக் கொள்வது என்பதில் சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் கணக்கு மாறும். 1987-ல் வந்த எஸ்டிஎல்லோ வெறும் முக்கோணங்கள். மில்லிமீட்டரா அங்குலமா என்றுகூடச் சொல்லாது. அதனால் முடிந்தவரை ஸ்டெப் கேட்டு வாங்குங்கள். வந்ததும் ஒரு நீளத்தை அளந்து பாருங்கள், மூடிய திடப்பொருளாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷ் அதற்கப்புறம்தான்.