ஒரே நிரல், பல கணிப்பொறிகள்

மலர்க் குழுவினர் என்னிடம், "கம்ப்யூட்டர் பத்தி ஏதாச்சும் எழுதுங்கண்ணே, பசங்களுக்குப் பயன்படணும்" என்று கேட்டார்கள். நானோ பாகூர்க்காரன். எனக்கு எதைச் சொன்னாலும் தண்ணீரில்தான் ஆரம்பிக்க வரும். பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரி நிறைந்தாலும் தலைமடைக்காரர் கணக்கு ஒன்று, கடைமடைக்காரர் கணக்கு வேறு. நான் எழுதப் போகும் மென்பொருள் வரலாறும் அதே வழக்குதான்.

கல்லூரி நாட்களில் வில்லியனூரிலிருந்து வரும் சீனியர் ஒருவர் எனக்கு ஒரு லினக்ஸ் சிடி கொடுத்தார். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. "அண்ணே, இந்த மூலநிரலை எப்படி ஓட்டறது?" என்றேன். "மூணே வரிதாண்டா. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்" என்றார். முதல் வரியைத் தட்டினேன். திரையில் வரி வரியாக ஏதேதோ கேள்விகள் ஓடின. டீ குடித்துவிட்டு வந்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ஏண்ணே இத்தனை கேள்வி?" என்றதற்கு, "எழுதினவனுக்கு உன் மெஷினைப் பத்தி என்னடா தெரியும்? அதான் அதுவே கேட்டுத் தெரிஞ்சிக்குது" என்றார். அந்தப் பதிலின் அருமை எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

இந்தக் கதை 1976இல் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. சக ஊழியர் ஒருவர் ஏற்கெனவே திருத்திய பிழையையே ஒரு காலைப் பொழுது முழுக்கத் தேடினார். திருத்திய கோப்பை அவர் மறுபடி கம்பைல் செய்யவில்லை, அவ்வளவுதான். இதைக் கண்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். எது மாறியதோ அதை மட்டும் மறுபடி கட்டும். நோக்கம், எழுதுபவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது.

பிறகு யூனிக்ஸ் பல கம்பெனிகளில் பல விதமாகப் பிரிந்தது. ஒன்றில் ஓடும் நிரல் மற்றொன்றில் ஓடாது. குனு திட்டத்துக்காக 1991இல் டேவிட் மெக்கன்சி 'ஆட்டோகான்ஃப்' எழுதினார். பெறுபவரிடம் ஷெல்லும் மேக்கும் கம்பைலரும் இருந்தால் போதும், வேறு கருவி எதுவும் தேவையில்லை. நான் பார்த்த கேள்விகள் அதனுடையவை. கஷ்டமெல்லாம் எழுதுபவருக்கு, சௌகரியம் பெறுபவருக்கு. இன்டர்நெட் இல்லாத பாகூர்ப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! கடைமடைக்கு முதல் தண்ணீர் விட்ட மாதிரி.

ஆனால் விண்டோஸில் அந்த ஷெல் இல்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியில் உருவான மருத்துவப் பட மென்பொருள் ஒன்று இரு பக்கமும் ஓட வேண்டியிருந்தது. அதற்காக 2000இல் கிட்வேர் நிறுவனம் 'சிமேக்' உருவாக்கியது. விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ கோப்பும் யூனிக்ஸில் மேக் கோப்பும் அதுவே தயாரித்துத் தரும். ஆனால் பெறுபவர் முதலில் சிமேக்கை நிறுவியாக வேண்டும். கேடிஇ குழுவினர் ஸ்கான்ஸ் என்ற கருவியை முயன்று பார்த்து, சரிப்படாமல் 2006இல் சிமேக்குக்கு மாறினார்கள்.

குரோம் உலாவி மிகப் பெரியது. ஒரு சிறு மாற்றத்துக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததால் இவான் மார்ட்டின் வேகத்தை மட்டுமே குறியாகக் கொண்டு 'நிஞ்ஜா' எழுதினார். பின்லாந்தின் யூஸி பக்கானென் 2013இல் வெளியிட்ட 'மீசான்', எழுதுபவர் எளிதில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றது. அதற்குப் பைதான் வேண்டும்.

இதில் எது சிறந்தது என்று இன்றும் சண்டை. ஆளுக்கொரு நோக்கம் என்பதால் அது தீராது. ஒருவர் சிரமத்தைக் குறைத்தால் அது இன்னொருவர் தலையில் போய் விழுகிறது.

2024 மார்ச்சில் ஒரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தார்கள். அதைத் தூண்டும் வரிகள் பொதுவில் இருந்த மூலநிரலில் இல்லை. பெறுபவருக்கென்று கட்டித் தந்த பொட்டலத்தில், கான்ஃபிகர் தயாரிக்கும் கோப்புகளுக்கிடையே மட்டும் இருந்தன. பெறுபவருக்கு உதவவென்று உடன் அனுப்பும் ஆயிரக்கணக்கான வரிகளை யார் படிக்கிறார்கள்? நானும் அன்று படிக்கவில்லையே, டீ குடிக்கத்தானே போனேன்! அதே மென்பொருளின் சிமேக் கோப்பிலும் ஒரே ஒரு புள்ளி செருகப்பட்டிருந்தது. அதனால் சோதனை நிரல் கம்பைல் ஆகாது. இந்த மெஷினில் அந்தப் பாதுகாப்பு வசதி இல்லை என்று கருவி முடிவு கட்டிவிடும். ஆகவே பழசு மோசம், புதுசு யோக்கியம் என்று சொல்வதற்கில்லை. லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவரால்தான் விஷயம் வெளிவந்தது.

தம்பி, தங்கைகளே! இன்று புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் உள்ளன. அங்கே போங்கள், கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும், இது யாருடைய சிரமத்தைக் குறைக்கிறது, அது யார் தலையில் இறங்குகிறது, நடப்பதை யாராவது பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். மதகைத் திறந்தவனை நம்பலாம், தப்பில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் வாய்க்கால் ஓரமாக ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.